கடந்துபோனதன் தடம்

விண்ணிலிருந்து திரும்பும் கலம் கூர்மையாக இருந்தால்தான் காற்றைக் கிழித்துக்கொண்டு நலமாக வந்து சேரும் என்று நம் உள்ளுணர்வு சொல்லும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வுக்கூடத்தில் ஜூலியன் ஆலனும் ஆல்ஃபிரட் எக்கர்ஸும் கண்டது இதற்கு நேர்மாறு. மழுங்கிய முகத்துக்கு முன்னால் அதிர்ச்சி அலை விலகி நிற்கிறது. வேகம் தணிவதால் பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போய்விடுகிறது. கூரிய கூம்போ அதில் மிகுந்த பங்கைத் தன் மேனியிலேயே வாங்கிக்கொள்கிறது. மெர்க்குரி, அப்பல்லோ விண்கலங்களில் சென்றவர்கள் உயிரோடு மீண்டது மழுங்கிய முகத்தின் தயவால்.

காற்றுக்குத் தள்ளிய வெப்பம் என்ன ஆயிற்று என்று நாம் கேட்பதில்லை. கலம் போன பின்னும் அது அகன்று, சூடாக, அடர்த்தி குன்றிய நெடும்பாதையாகக் கிடக்கிறது. அதன் நடுவில், கலத்தின் மேனியை உரசி வந்த மெல்லிய படலம் குவிந்து, நிலைகுலைந்து, கொந்தளிப்பாகிச் சுற்றியுள்ள சூட்டைச் சிறிது சிறிதாகத் தன்னுள் இழுக்கிறது. கூம்பின் பின்தடம் ஒடுங்கியது. அங்கே மாக் எண், அதாவது ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகம், உயர்ந்தே இருப்பதால் சிறு அசைவுகள் எளிதில் பெருகுவதில்லை. உருவம் மாறினால் அமைதி குலையும் விதமும் மாறிவிடுகிறது.

நெடுந்தொலைவில் உருவம் மறந்துபோய், இழுவையின் அளவு மட்டுமே தடத்தில் எஞ்சும் என்பது பழைய கோட்பாடு. ஆறுதலான கோட்பாடுதான்: எவ்வளவு என்பது நிற்கும், எப்படி என்பது கரைந்துபோகும். ஆனால் 1978-இல் பெவிலாக்வா, லைகூடிஸ் என்ற ஆய்வாளர்கள், மிகக் குறைந்த வேகத்தில்தான் என்றாலும், ஒரே இழுவை கொண்ட கோளத்தையும் துளைத்தட்டையும் ஒப்பிட்டபோது இரண்டின் தடங்களும் ஒன்றாகவில்லை. தன்னைக் காத்துக்கொள்ள ஒன்று எதை எப்படி வெளியே தள்ளியதோ, அந்த 'எப்படி'யும் பின்னால் வரும் வெளியில் தங்கி, தள்ளியவர் அறியாத தொலைவிலும் இன்னொன்றின் அமைதியைக் குலைத்துக்கொண்டிருக்கும் என்றால், நம் வாழ்வின் விளைவுகளை அளவால் மட்டுமே எடைபோட்டுப் பழகிய மனம் தன் துலாக்கோலையே ஐயுற வேண்டியிருக்கிறது. கடந்துபோனது எது என்பதையும் தடம் காட்டிக்கொடுக்கக்கூடும்: 1960களில் ரேடார் ஆய்வாளர்கள் மின்னேறிய இத்தகைய தடங்களை ஆராய்ந்தே, வந்தது ஏவுகணையின் வெடிமுனையா வெறும் போலியா என்று பிரித்தறிய முயன்றார்கள்.