நிறுத்தும் நேரம்

ஒரு பொருளைப் பயன்படுத்தும் அறிவு மனிதருக்கு எளிதில் வந்துவிடுகிறது. அதை எப்பொழுது நிறுத்துவது என்னும் அறிவோ அரிதாகவே வருகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கெடுமுன்பே நிறுத்தி ஒதுக்குகிறவனைச் சோம்பேறி என்கிறோம். கெடும்வரை ஓட்டி, கெட்டபின் தலையில் கைவைத்து உட்காருகிறவனிடம் இரக்கம் காட்டுகிறோம். இவ்விருவரில் அறிவுடையோன் யார்? நிறுத்த முடியாமற்போனவன் மீது குற்றம் சுமத்துவது எந்த அளவிற்கு நியாயம்? இவற்றை இங்கே சற்று ஆராய்வோம்.

குளிர்நாடுகளில் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர்க்கு ஆண்டுதோறும் ஒரு சங்கடம் நேர்கிறது. பனிக்காலத்தில் சாலையிலே பனிக்கட்டி உறையாதிருக்க உப்பைத் தூவுகிறார்கள். அவ்வுப்பு நீரோடு கலந்து காரின் அடிப்பாகத்தில் ஒட்டி இரும்பை அரிக்கிறது. கோடைக்கென்று செய்த டயரோ, வெப்பம் ஏறக்குறைய 7 பாகைக்குக் கீழே இறங்கினால் விறைத்துச் சாலையைப் பற்றும் ஆற்றலை இழக்கிறது. ஆகவே பனிக்காலத்திற்கு முன் காரைக் கொட்டகையில் ஏற்றிவிட வேண்டும். ஆனால் எந்த நாளில்? அக்டோபரிலும் சில நாட்கள் பொன்வெயில் காய்கிறது. “இன்னும் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை” என்கிறது மனம். அந்த ஒரு ஞாயிறு செய்யும் கேடு அன்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. வர்ணத்தின் அடியிலே ஒளிந்திருந்து பின்னொரு நாள் துருவாய் வெளிப்படுகிறது. அச்சத்தால் ஆகஸ்டிலேயே பூட்டிவைப்பவனும் அறிவுடையவன் அல்லன். அவன் நல்ல நாட்களை வீணே இழந்தவன். ஆசை ஒரு பக்கம் ஏமாற்றுகிறது, அச்சம் மறுபக்கம் ஏமாற்றுகிறது.

ஜெர்மனியிலே 1997ஆம் ஆண்டு முதல் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கார் இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரைதான் ஓடும் என்று உரிமையாளர் முன்கூட்டியே பதிந்துகொள்ளலாம். அம்மாதங்களின் எண்கள் எண்பலகையிலேயே பொறிக்கப்படுகின்றன. மற்ற மாதங்களில் அக்கார் பொதுச் சாலைக்கு வருதல் கூடாது. இதில் நாம் காணும் நுட்பம் ஒன்றுண்டு. வெயிலைக் கண்டு மயங்கும் அன்றைய மனத்தை நீதிபதியாக்காமல், தெளிவாக இருந்த மனத்தின் தீர்ப்பையே அவர்கள் நிலைநாட்டிக்கொள்ளுகிறார்கள்.

மெர்லிமாவில் பனி ஏது, இக்கதை நமக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான், மூவார் சாலையிலே பன்னிரண்டு மாதமும் கார் ஓடுகிறது. எனினும் இங்கேயும் ஒரு குளிர்காலம் உண்டு. அது மனிதருக்கன்று, ரப்பர் மரத்திற்கு. 1896ஆம் ஆண்டிலே இதே மலாக்கா மாநிலத்துப் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்பவர் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார். அவர் தொடங்கிய அப்பயிர் நாடெங்கும் பரவியபோது, அதற்கு உழைக்கும் கைகளாய்க் கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர். தை மாதக் கடைசி முதல் பங்குனி வரையிலான வறட்சியில் மரத்தின் இலைகள் பழுத்துச் சிவந்து உதிர்கின்றன. வெள்ளைக்காரத் துரைமார் இதனைக் குளிர்காலம் என்றே அழைத்தனர். பிறகு செம்புநிறத் தளிர் விடுகிறது. பழைய இலை போய்ப் புதிய இலை முற்றாத அந்நாட்களில் மரத்திற்கு உணவு குறைவு, பாலும் குறைவு. அப்பொழுது இரக்கமின்றி வெட்டினால் மரம் தளர்கிறது. அளவு மீறி வெட்டிக்கொண்டே போனால் பட்டை வறண்டு, கத்தி பட்ட இடத்தில் ஒரு சொட்டுப் பாலும் வாராமற் போகிறது.

சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்திலிருந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கோடாரியாற் கொத்தாமல், பட்டையை மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அன்று முதல் இத்தொழில் முழுவதும் நிறுத்தும் அறிவின் மேலேதான் நிற்கிறது. கத்தி மரத்தின் உட்பகுதியைத் தொடுமுன் நிற்க வேண்டும். இம்மி கூடினாலும் காயம் பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பால்வெட்டும் தாய்மார்க்கு இதனை நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

எல்லோரும் அறிந்திருந்தும் ஏன் வெட்டுகிறார்கள்? இங்கேதான் நமது கேள்வியின் முடிச்சு இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரைப் பூட்டிவைப்பவன் இழப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமையின் இன்பம். சொந்த மரத்திற்கு ஓய்வு கொடுக்கும் சிறுதோட்டக்காரர் இழப்பது ஒரு மாத வருமானத்தின் பங்கு. வெட்டின பாலுக்குக் கூலி வாங்கும் தொழிலாளி இழப்பதோ உலையில் இடும் அரிசி. இலையுதிரும் மாதங்கள் யாவை? பொங்கலும் தைப்பூசமும் கழிந்து கை வற்றிக் கிடக்கும் மாதங்கள்! மரத்திற்கு ஓய்வு கொடு என்று உபதேசிப்பவர், அவ்வோய்வின் விலையை யார் கொடுப்பது என்று சொல்லாதவரை, அவருடைய அறம் பாதி அறமே. இருபத்தைந்து முப்பது ஆண்டுகள் மரம் பால் தருவதன் பயன் எவருக்குச் சேர்கிறதோ, அம்மரத்தின் ஓய்வு நாட்களின் செலவும் அவரையே சேரவேண்டும் என்பது நமது துணிபு.

இனி மரத்தை விட்டு மனிதரிடம் வருவோம். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விடுவது மரத்திற்கு ஏற்பட்ட வழக்கம். வெட்டியவருக்கு அந்த மறுநாளில் என்ன கிடைத்தது? வேறொரு நிரை! மரம் ஓய்ந்தது, மரத்தை வெட்டிய கை ஓயவில்லை. சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவில்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் வாரத்தில் ஒரு நாளை ஓய்வு நாளாக்கியிருக்கிறது. வேலைக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 8, 12, 16 நாட்கள் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு. ஆனால் நாட்கூலிக்காரர்க்கு வார ஓய்வு நாளில் கூலி இல்லை. அன்று அரைநாளுக்கு மேல் வேலை செய்தாலோ இரண்டு நாட்கூலி. ஓய்ந்தால் ஒன்றுமில்லை, ஓயாவிட்டால் இரட்டிப்பு! வறியவர் கண்ணுக்கு இதைவிடப் பளபளப்பான அக்டோபர் வெயில் வேறெது? அந்த ஞாயிற்றின் உப்பும் அன்றே தெரிவதில்லை. முழங்காலிலும் முதுகெலும்பிலும் ஒளிந்திருந்து ஐம்பது வயதில் வெளிப்படுகிறது.

இப்பகுதியில் ரப்பர் நின்ற நிலங்கள் பல செம்பனையாகிவிட்டன. லயத்தை விட்டு நகரத்திற்குச் சென்றோரும் மிகப் பலர். ஆயினும் செம்பனைக் குலை வெட்டுகிறவர்க்கும், தொழிற்சாலையில் மிகைநேரம் பார்க்கிறவர்க்கும், இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்க்கும் கேள்வி மாறவில்லை.

ஏழைக்கு ஓய்வு கட்டுமா என்று கேட்போர் உளர். அக்கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிக்கு விடை, ஓய்வு நாளுக்கும் கூலி வேண்டுமென்று ஒற்றுமையாக நின்று கேட்பதே. மறுபாதிக்கு விடை நம் கையிலேயே உண்டு. சம்பளத்தோடு கூடிய விடுமுறையைக் கூட எடுக்காமல், எடுப்பதை ஒரு குறையாக எண்ணுவோரை நாம் அறிவோம். காய்ச்சல் வந்து படுக்கையிலே தள்ளிய பின்தான் அவர்கள் நிறுத்துகிறார்கள். எண்பலகையில் மாதத்தைப் பொறிப்பவரைப் போல, ஆண்டின் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் அந்நாட்களைக் குறித்துவைத்தல் நலம். ஒன்று மறத்தலாகாது: ஓய்வென்பது போட்டுவைத்தல் அன்று. கழுவாமல், உலர்த்தாமல், பாட்டரியைக் கவனியாமல் போட்டுவைத்த கார் கொட்டகையிலேயே கெடுகிறது. மதுக்கடையிலே கழிந்த ஓய்வு நாளும் அத்தகையதே. இலையுதிர்த்த மரத்தைப் பாருங்கள். அது சும்மா நிற்கவில்லை, தளிர் விடுகிறது.

காருக்குக் கொட்டகை கட்டினோம். மரத்திற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஏற்படுத்தினோம். இரும்புக்கும் மரத்திற்கும் காட்டிய இக்கருத்தை, அவற்றை ஓட்டியும் வெட்டியும் வாழும் மனிதருக்குக் காட்ட ஒரு சமுதாயம் தயங்குமாயின், அது தன் பொருளை மட்டுமே அறிந்தது, தன்னை அறியவில்லை என்போம்.