ஓரறிவுயிரும் மின்துடிப்பும்

ஒரு தாவரத்தின் உயிர் எப்போது நீங்குகிறது என்ற கேள்வி, சமண அறத்தில் வெறும் தத்துவ விசாரமாக நில்லாமல், எதை உண்பது, எதை விலக்குவது என்ற அன்றாட ஒழுக்கத்தையே வகுப்பதாக இருந்துவருகிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர்களாகக் கொள்ளும் பாகுபாடு தொல்காப்பிய மரபியலிலும் உண்டு. சமணமோ அதற்கும் மேலே சென்று, ஓருடலில் ஓருயிர் தங்கும் தாவரங்களையும், ஓருடலை எண்ணற்ற உயிர்கள் பகிர்ந்துகொள்ளும் கிழங்கு முதலியவற்றையும் வேறுபடுத்துகிறது. உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் சமணர் பலர் விலக்குவது இதனால்தான்.

அதே உருளைக்கிழங்குதான், துடிப்பு மின்புலம் எனப்படும் இன்றைய உணவுத் தொழில்நுட்பம் மிகுதியாகக் கையாளும் விளைபொருள்களுள் ஒன்று. நீரில் மூழ்கிய கிழங்கு இரு மின்முனைகளுக்கிடையே வைக்கப்பட்டு, சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோவோல்ட் வலிமையுள்ள மின்துடிப்புகள் மைக்ரோவினாடிக் கணக்கில் செலுத்தப்படும்போது, ஒவ்வொரு செல்லையும் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வின் குறுக்கே மின்னழுத்தம் ஏறி, அது ஏறத்தாழ 1 வோல்ட்டை எட்டியதும் சவ்வில் நுண்துளைகள் தோன்றுகின்றன. செல் பெரிதாக இருக்குமளவுக்குக் குறைந்த மின்புலமே போதுமாதலால், பழச்சாற்றிலுள்ள மிகச் சிறிய பாக்டீரியாவை அழிக்க இதைப்போல் இருபது மடங்கோ அதற்கு மேலோ வலிமை தேவைப்படுகிறது. துடிப்பு மென்மையானதாயின் துளைகள் மூடிக்கொள்ள, செல் பிழைக்கிறது. கடுமையானதாயின் துளைகள் மூடாமல் செல்சாறு கசிந்து, விறைப்பு தளர்ந்து, செல் மடிகிறது. இவ்வாறு தளர்ந்த கிழங்கு வெட்டும்போது உடைவதும் சிதறுவதும் குறைகிறது.

அறுவடைக்குப் பின்னும் கிழங்கு சுவாசிக்கிறது, காலம் வந்தால் முளைவிடுகிறது. ஆகவே மூட்டையில் கிடக்கும் கிழங்கு உயிருள்ளதே. வறுசட்டியின் சூட்டில் நிகழவேண்டிய இறப்பு, இம்முறையில் வெப்பமின்றி, தோற்றம் பெரிதும் மாறாமல், கணநேரத்தில் நிகழ்ந்துவிடுகிறது. உயிர் நீங்கிய பொருளைச் சமணம் அசித்தம் என்கிறது. துறவிகள் நீரைக்கூடக் காய்ச்சிய பின்னரே ஏற்கின்றனர். அவ்வாறாயின், மின்துடிப்புப் பட்ட கிழங்கு அசித்தமாகிவிட்டதால் அதை உண்பது குற்றமற்றதாகுமா?

உணவு உயிரற்றிருப்பது வேறு, உணவாக்கும் செயல் தீங்கற்றிருப்பது வேறு என்பதே இதற்கான விடை. சமணத் துறவி தாமும் சமைப்பதில்லை, தமக்கெனச் சமைக்கவும் சொல்வதில்லை. இல்லறத்தார் தமக்கென ஆக்கியதில் ஒரு பங்கை மட்டுமே ஏற்கிறார். செய்தல், செய்வித்தல், செய்ததற்கு உடன்படுதல் ஆகிய மூன்றையும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் விலக்குவதே அவருடைய நோன்பு. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரமும், விழிப்பற்ற செயலால் உயிரைப் பிரிப்பதே இம்சை என்று வரையறுத்து, இறந்த உடலோடு நில்லாமல் செய்பவரின் உள்ளநிலையையும் அளவுகோலாக்குகிறது. கொலை கண்ணுக்குப் புலப்படாமல் நடப்பதால் விழிப்பின்மை வளருமேயன்றிக் குறையாது.

மின்சாரமே உயிருள்ளதா என்பதும் சமணருக்குள் தீராத விவாதம். நெருப்பை உயிருடல் என்று கொள்ளும் மரபில், மின்சாரமும் அதன் வகையே எனக் கருதும் துறவிகள் விளக்கைக்கூட ஏற்றுவதில்லை. அது உயிரற்ற ஆற்றலே என வாதிடுவோரும் உள்ளனர். முதல் கொள்கைப்படி மின்துடிப்பே ஓர் உயிர்வதை. இரண்டாவதன்படி அது அடுப்பைவிடத் தூயது.

எக்கொள்கையை ஏற்றாலும் ஒன்று உறுதி: கிழங்கு வீணாவதைக் குறைக்கும் வரையில், அதே அளவு உணவுக்கு அழியும் உயிர்களையும் இத்தொழில்நுட்பம் குறைக்கிறது, அந்த அளவில் அது அறத்துக்குத் துணையே. ஆனால் மலிவும் எளிமையும் தேவைக்கு மிஞ்சிய நுகர்வைத் தூண்டுமாயின், அந்த நன்மை அழிந்துவிடும். எந்திரம் உயிரை நீக்கித் தரலாம்; அளவறிந்து உண்ணும் கடமையை அது நீக்கித் தராது.