பெயர் எழுதிய பிஸ்கட்



இன்றைய சிந்தனைக்கு ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலேயே ஐசிங் குழைத்து, பிஸ்கட்டின் மேல் பூசி, அதில் பூவும் கோடும் எழுத்தும் போடுகிற வேலை. அது பணக்கார வீட்டு வேலை என்று நம்மில் பலர் நினைத்து வைத்திருக்கிறோம். நம்முடைய லயத்துக் காம்பிராவில், நம்முடைய பிள்ளைகளின் கையால் அது நடக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். காரணத்தைச் சொல்கிறேன், செய்முறையையும் சொல்கிறேன்.

1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அதன் பிறகு ஹட்டனிலும் டிக்கோயாவிலும் நுவரெலியாவிலும் மலைக்கு மலை தேயிலைத் தோட்டம் வந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் பங்களா வந்தது. பங்களாவில் பின்னேரத் தேத்தண்ணி மேசை வந்தது. அந்த மேசையில் கேக்கும் பிஸ்கட்டும் இருந்தன. நத்தார் வந்தால் வெள்ளை ஐசிங் போட்ட கேக் இருந்தது. துரைசாணி சொல்லக் குசினியில் அதைச் செய்து முடித்தவர் அப்பு. விறகு சுமந்தவரும் தட்டுக் கழுவியவரும் நம்முடைய ஆட்கள். ஐசிங் குழைக்கிற பக்குவம் இந்த மலைக்கு வந்து நூறு வருடத்துக்கும் மேலாகிறது. ஆனால் பங்களாவுக்கும் லயத்துக்கும் இடையில் உள்ள அந்தக் கொஞ்ச தூரத்தைக் கடக்க அதற்கு வெகுகாலம் எடுத்தது.

இன்று அதைக் கடக்க வைப்பதற்கு இரண்டே பொருள் போதும். ஐசிங் சீனி, பால். முட்டை தேவையில்லை. கேக் கடைகளில் முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஐசிங் செய்வார்கள். அது கல்லாக இறுகும், பார்க்கவும் அழகுதான். ஆனால் வேகாத முட்டையில் நோய்க்கிருமி இருக்கக்கூடும்; சின்னப் பிள்ளைகளுக்கு அது நல்லதல்ல. பாலில் குழைத்தால் அந்தப் பயம் இல்லை. சைவ வீட்டிலும் தயங்காமல் செய்யலாம்.

கடையில் ஐசிங் சீனி கிடைக்கவில்லையா? ஒரு கப் வெள்ளைச் சீனியோடு ஒரு மேசைக்கரண்டி சோள மா சேர்த்து, ஈரமே இல்லாத கிரைண்டரில் அரையுங்கள். மூடியை உடனே திறக்காதீர்கள், தூள் அடங்கட்டும். பிறகு மெல்லிய அரிதட்டில் அரித்தெடுங்கள். கடையில் விற்கும் ஐசிங் சீனியிலும் கட்டி பிடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மாச்சத்து கலந்துதான் இருக்கிறது.

இப்போது குழைக்கலாம். ஒரு கப் ஐசிங் சீனிக்கு, அதாவது ஏறக்குறைய 120 கிராமுக்கு, முதலில் ஒரு மேசைக்கரண்டி பால் மட்டும் விடுங்கள். பார்த்தால் போதாது போலத் தோன்றும். கை தானாகப் பால் கோப்பைக்குப் போகும். நிறுத்துங்கள். ஒரு நிமிடம் நன்றாகக் கிண்டுங்கள். வறண்டு கிடந்த சீனி மெல்ல மெல்ல இளகி வருவதைப் பார்ப்பீர்கள். இன்னும் இறுக்கமாக இருந்தால் துளித் துளியாகச் சேருங்கள். இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு விட்டால் திகட்டாது.

ஏன் இவ்வளவு கவனம்? சாதாரண அறை வெப்பத்தில் 100 கிராம் தண்ணீர் கிட்டத்தட்ட 200 கிராம் சீனியைக் கரைத்துவிடும். பாலும் பெரும்பாலும் தண்ணீர்தான்; அந்தக் கணக்கில் ஒரு மேசைக்கரண்டிப் பாலே ஏறக்குறைய 30 கிராம் சீனியைக் கரைக்கிறது. மிச்சச் சீனி கரையாமல் அதற்குள் மிதக்கிறது. பிஸ்கட்டில் பூசிய பின் ஈரம் காய்ந்ததும், கரைந்த சீனி திரும்பவும் கட்டியாகி, கரையாத தூளையெல்லாம் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. ஐசிங் இறுகுவது இப்படித்தான். பால் கூடிப்போனால் பிடித்துக்கொள்ளத் தூள் மிஞ்சாது, பாகுதான் வழியும். அப்படி ஆகிவிட்டால் கவலைப்பட வேண்டாம், இன்னும் கொஞ்சம் சீனித் தூள் போட்டால் சரியாகிவிடும்.

குழைத்ததை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று இறுக்கமாக இருக்கட்டும். கோடு இழுக்க அது. மற்றதில் இன்னும் இரண்டு மூன்று துளி பால் விட்டு இளக்குங்கள். கோட்டுக்குள்ளே நிரப்ப அது. பதம் பார்ப்பது எப்படி? கரண்டியால் எடுத்து ஊற்றுங்கள். மேலே விழுந்த தடம் பத்து எண்ணுவதற்குள் மறைந்துவிட்டால் நிரப்புவதற்குச் சரியான பதம். முதலில் பிஸ்கட்டின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். அது கொஞ்சம் இறுகிய பிறகு நடுவில் நிரப்புங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் மேலே பூவோ எழுத்தோ. அவசரப்பட்டால் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் ஓடிவிடும்.

பூசுவதற்குக் கூம்பு வேண்டுமே என்பீர்கள். ஒயில் பேப்பரைச் சுருட்டிக் கூம்பு செய்யலாம். இல்லையென்றால் சுத்தமான சின்னப் பொலித்தீன் பையில் போட்டு, ஒரு மூலையில் ஊசிமுனை அளவு வெட்டுங்கள், போதும்.

பிஸ்கட்டுக்குப் போறணை இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். கடை மாரி பிஸ்கட் தாராளமாகப் போதும். அது 1874 இல் லண்டனில், ரஷ்ய இளவரசி மரியாவின் திருமணத்தை ஒட்டிச் செய்யப்பட்ட பிஸ்கட். அந்த இளவரசியின் பெயர்தான் அதற்கு. வட்டமாக, மேலே தட்டையாக இருப்பதால் ஐசிங் அழகாக உட்காரும். போறணை உள்ளவர்கள் 200 கிராம் கோதுமை மா, 100 கிராம் மாஜரின், 80 கிராம் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, இரண்டு மேசைக்கரண்டி பால் சேர்த்துப் பிசைந்து, அரை சென்டிமீட்டர் தடிப்பில் உருட்டித் தட்டி, 180 பாகையில் ஓரம் பொன்னிறமாகும் வரை பத்துப் பன்னிரண்டு நிமிடம் சுடலாம். பேக்கிங் பவுடர் போடாதீர்கள். போட்டால் உப்பி, வெட்டிய உருவம் கெட்டுவிடும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கத்தியால் வெட்டிப் பாருங்கள்; பிள்ளைகள் இலை நரம்பை ஐசிங்கால் வரைவார்கள். எதுவானாலும் பிஸ்கட் முழுதாக ஆறிய பிறகே பூச வேண்டும்.

நிறத்துக்குச் சாயப் போத்தல் வாங்க வேண்டியதில்லை. நுவரெலியா மண்ணில் விளையும் பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றைக் கொஞ்சம் சுண்ட வைத்து, பாலுக்குப் பதிலாக அதை விட்டால் ரோசா நிறம் வரும். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் இளமஞ்சள் தரும். கடும் சாயமாக வடித்த தேத்தண்ணி, நாம் பறித்த கொழுந்தின் நிறத்தையும் மணத்தையும் தரும். அதற்கு மட்டும் தேசிக்காய் விடாதீர்கள். பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் சாயம் வெளிறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

நம்முடைய ஊரில் இன்னொரு கவனமும் தேவை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஹட்டனிலும் மழை மாதங்களில் பனிமூட்டம் வாசல் வரை வந்து நிற்கும். காற்றில் ஈரம் இருந்தால் ஐசிங் காய நேரமாகும். கொழும்பில் ஒரு பின்னேரத்தில் காய்வது, இங்கே ஓர் இரவு முழுக்க எடுக்கலாம். புகை படாத இடமாகப் பார்த்து, அடுப்பின் சூடு லேசாக எட்டும் தூரத்தில் தட்டை வையுங்கள். காய்ந்ததும் இறுக மூடும் டின்னில் அடுக்குங்கள்.

சரி, இதையெல்லாம் ஏன் காலை வேளையில் சொல்கிறேன்?

நம்முடைய பெயர்களை இருநூறு வருடமாகப் பிறர்தான் எழுதி வந்தார்கள். தோட்டத்துச் செக்ரோலில் கிளாக்கர் எழுதினார். பெயர் இருந்தால் சம்பளம். 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டம் நம்மவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், யார் இங்கே, யார் இந்தியாவில் என்று ஆட்களை எண்ணிக்கையாகப் பிரித்தது. எஞ்சியிருந்தோருக்கும் உரிமை கிடைக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. இன்னமும் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் பெயர் எழுதப்பட்டு, அதைத் திருத்த அலையும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

அதனால்தான் சொல்கிறேன். ஒரு பிள்ளை சீனிக் கூம்பைப் பிடித்துத் தன் பெயரைத் தானே, தன் மொழியில், தனக்குப் பிடித்த நிறத்தில் எழுதட்டும். எழுத்து கோணலாகப் போகும். போகட்டும். 'ழ' வளையாது, புள்ளி கரைந்து ஓடும். நீங்கள் கூம்பைப் பிடுங்கித் திருத்தாதீர்கள். ஒரு பிஸ்கட்டில் பிழை விட்டால் அடுத்த பிஸ்கட்டில் எழுதலாம் என்பதைப் பிள்ளை தானாகக் கண்டுகொள்ளும். அழகாக ஒன்றைச் செய்து பார்க்கும் உரிமை பங்களாவுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கப்பட்டதல்ல என்பது பாடம் நடத்திப் புரிவதில்லை. கையால் செய்து பார்க்கும்போதுதான் புரியும்.

2022 இல் பால்மாவுக்கும் சீனிக்கும் நாம் வரிசையில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். சீனியின் அருமை நமக்குத் தெரியும். ஆகவே அளவாகச் செய்யுங்கள். ஒரு கப் சீனியும் ஒரு பக்கெட் பிஸ்கட்டும் ஒரு குடும்பத்துக்குப் போதும். மெல்லியதாகப் பூசுங்கள். ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். சாப்பிட்ட பின் பிள்ளைகள் வாய் கொப்பளிக்கட்டும்.

வேலை நாளில் கொழுந்துக் கூடையோடு மலையேறி இறங்கிய அம்மாவுக்கு இதற்கு நேரம் இருக்காது. ஆகையால் அப்பாக்களே, அண்ணன்மாரே, உங்களையும்தான் கேட்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை இஸ்தோப்பில் ஒரு பாயை விரியுங்கள். சீனியை நீங்கள் அரித்துக் கொடுங்கள், பாலை நீங்கள் துளித் துளியாக விடுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை எல்லோரையும் சுற்றி உட்கார வையுங்கள். அம்மாவின் பெயரையும் ஒரு பிஸ்கட்டில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்துக் காம்பிராப் பிள்ளைகளையும் கூப்பிட மறக்காதீர்கள்.