மருந்து சாத்துதல்

சிப்காட் தொழிற்பேட்டையில் பதினைந்து வருடமாக மெஷினில் நிற்கிறவன் நான். உராயும் இடம் எதுவானாலும் தேயும் என்பது எனக்குத் தெரியும். எவ்வளவு தேயும் என்பதுதான் எங்கள் தொழிலில் கேள்வி. அந்தக் கேள்வியை என் இடுப்பைப் பற்றியே கேட்க நேர்ந்தபோது எனக்கு வயது 31. நெடுஞ்சாலையில் பைக் சறுக்கித் தொடை எலும்பின் கழுத்து முறிந்திருந்தது. திருகு போட்டுச் சேர்த்தார்கள். எலும்பு கூடியது, ஆனால் ரத்த ஓட்டம் அறுந்த பந்து முனை இரண்டே வருடத்தில் செத்து நசுங்கியது. இடுப்பு மூட்டையே மாற்ற வேண்டும் என்றார் டாக்டர்.

"மாத்தினா எத்தனை வருஷம் சார் தாங்கும்?"

"இருபது, இருபத்தஞ்சு வருஷம் எதிர்பார்க்கலாம். உனக்கு வயசு கம்மி. ஒரு தடவையாவது திரும்பத் திறக்க வேண்டி வரும்னு நினைச்சுக்கோ."

2019இல் லான்செட் இதழில் வந்த ஆய்வும் இதையே சொல்கிறது: மாற்றி வைத்த இடுப்புகளில் 25 ஆண்டு தாங்கியவை நூற்றில் ஏறக்குறைய 58. அவற்றை வைத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். வருடத்துக்கு ஒரு கால் பத்து லட்சம் அடி வைக்கும் என்று கணக்கு வைத்துத்தான் இந்த மூட்டுகளை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்க்கிறார்கள். மெஷினில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும்?

அம்மாவுக்குக் கணக்கெல்லாம் வேண்டாம். "சாமி குடுத்ததைக் கழட்டிப் போட்டுட்டு, தேஞ்சு போற பொருளை உள்ளே வைக்கலாமாடா?" என்றாள். சம்மணம் போடக் கூடாது, கொஞ்ச காலம் விழுந்து கும்பிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அழுதே விட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. நிலைக்காத ஒன்றை உடம்போடு சேர்ப்பது உடம்புக்குச் செய்யும் அவமரியாதையா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது.

அறுவைக்கு முந்தைய மாதம் பக்கத்து ஊர்க் கோயிலில் கும்பாபிஷேகம். மண்டபத்து ஓரத்தில் அஷ்டபந்தனம் இடித்துக்கொண்டிருந்தார்கள். கொம்பரக்கு, சுக்கான்கல், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சூட்டோடு இடித்துப் பிசைந்து, சிலைக்கும் பீடத்துக்கும் நடுவே சாத்த வேண்டும். அதற்கு மருந்து என்றே பெயர். பன்னிரண்டு வருடத்தில் அது காய்ந்து வெடிக்கும், பிடிப்பு விடும். அப்போது தெய்வத்தைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்துவிட்டு, பழைய மருந்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகச் சாத்துவார்கள்.

அம்மாவும் உலக்கை பிடித்து நாலு இடி இடித்தாள். நான் கேட்டேன்: "சாமிக்கே பன்னண்டு வருஷத்துக்கு ஒருக்கா பிடி தளருதே, அது அபசாரமாம்மா?" அவள் பதில் சொல்லவில்லை. அறுவைக்குச் சம்மதித்தாள்.

தேய்கிற பொருளை உடம்பில் சேர்ப்பதில் குற்றமில்லை என்பது அந்த மண்டபத்தில் எனக்குத் தெளிந்தது. தேய்வது தெரிந்தும் பாராமல் விடுவதுதான் குற்றம். ஆகமத்தில் நிரந்தரத்துக்கு வாக்குறுதி இல்லை. தவணை இருக்கிறது, முறை இருக்கிறது. எந்தக் கல் ஆகும், எது ஆகாது என்று தட்டி ஓசை கேட்டுப் பார்க்கும் கண்டிப்பும் இருக்கிறது.

அந்தக் கண்டிப்பு இங்கிலாந்து மருத்துவர் ஜான் சார்ன்லியிடம் இருந்தது. 1950களின் இறுதியில் அவர் இடுப்பு மூட்டில் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்தன. உதிர்ந்த துகள் சுற்றியிருந்த திசுவைக் கெடுத்தது. அவர் அதை மறைக்கவில்லை. அந்தத் துகளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார். 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்று எனக்குள் இருப்பது அதன் வழிவந்த குறுக்குப் பிணைப்புப் பாலிஎத்திலீன் கிண்ணம், செராமிக் பந்து, சொரசொரப்பான டைட்டானியத் தண்டு. என் எலும்பே வளர்ந்து தண்டைப் பற்றிக்கொள்கிறது. பந்தின் வழவழப்பை நினைத்தால், பேரிங் பார்த்துப் பழகிய எனக்கு அது வழிபடத்தக்க வேலையாகவே படுகிறது.

கண்டிப்பு தவறியதும் நடந்தது. உலோகத்தோடு உலோகம் உராயும் டெப்யூ ஏஎஸ்ஆர் என்ற செயற்கை இடுப்புகளை, ஜான்சன் அண்ட் ஜான்சன் 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்திருந்தன. இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் அது வைக்கப்பட்டிருந்தது. 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று அரசு முடிவு செய்ய 2018 ஆயிற்று. அதற்குள் பலரைத் தேடிக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இதை விதி என்று சொல்ல என் பக்தி இடம் கொடுக்காது. தட்டிப் பார்க்காத கல்லைச் சிலையாக்கிய வேலை அது.

ஆறு வருடம் ஆகிறது. காலையில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நடக்கிறேன். பெங்களூர்க் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை மதகைத் தாண்டி வெள்ளை நுரையாகப் பொங்கும் நாட்களில் வேறு பாதை. சந்திரசூடேஸ்வரர் கோயில் மலைக்குப் படியேறியே போகிறேன். நின்றபடி கும்பிடுகிறேன், அம்மா எனக்கும் சேர்த்து விழுந்து எழுகிறாள்.

கும்பாபிஷேகம் நடந்த தேதியைக் கோயிலில் கல்லில் வெட்டி வைக்கிறோம். இடுப்பு மாற்றிக்கொண்ட தம்பிமாரே, தங்கைமாரே, உங்களுக்குள் வைத்த பொருளின் பெயரும் எண்ணும் ஒட்டிய சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். துகளால் எலும்பு கரையத் தொடங்கும்போது பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாவிட்டாலும் டாக்டர் சொன்ன தவணையில் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்.