உழைத்து ஓய்ந்த உயிரின் உரிமை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் வெளியூர் மக்களின் வரத்து மிகுந்துவிடும். அருவியில் நீராடியவர்களுள் பலர் சுந்தரபாண்டியபுரத்திற்கும் செல்வர். அங்கே சூரியகாந்தி பூத்து நிற்கும் வயல்களைக் கண்டு களிப்பர், நிழற்படம் எடுத்துக்கொள்வர். இதழ் வாடித் தலை கவிழ்ந்து செடி காயத் தொடங்கிய பின், அவ்வயல் ஓரத்தில் ஒரு வாகனமும் நிற்பதில்லை. பார்க்க வந்தவர்களுக்கு உறவு அத்துடன் முடிந்தது. பயிரிட்டவருக்கு முடிவதில்லை.

அவ்வூரில் வயல் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய வயலை ஒரு நாட்டு நாய் பதின்மூன்று ஆண்டுகளாகக் காத்து வந்தது. மணி என்று அதற்குப் பெயர். இரவில் ஆடுமாடு புகுந்தாலும் அயலார் நடமாடினாலும் அதன் குரல் முதலில் எழும். இப்போது அதற்குக் கண் மங்கிவிட்டது, பின்னங்கால்கள் தளர்ந்துவிட்டன. போதாக்குறைக்குக் கடந்த ஆண்டு முதல் வலிப்பும் வந்து சேர்ந்தது. திடீரெனச் சாய்ந்து விழும். கால்கள் விறைத்து உதறும். வாயில் நுரை தள்ளும். ஓரிரு நிமிடங்களில் எல்லாம் அடங்கும். பின்னர் நெடுநேரம் திக்குத் தெரியாமல் சுற்றி வரும். வளர்த்தவரையே யாரோ என்று பார்க்கும்.

இதைக் கண்டவர்கள் அவருக்கு இருவகையான அறிவுரை சொன்னார்கள். சிலர், "வெறி பிடித்துவிட்டது, அடித்துப் போடுங்கள்" என்றனர். மார்க்கப் பற்றுள்ள பெரியவர் ஒருவரோ, "காவலுக்கு உதவாத நாயை வைத்திருந்தால் உமக்கு நன்மைதான் குறையும், தம்பி. எங்காவது கொண்டுபோய் விட்டுவிடும்" என்றார். நண்பர் நம்மிடம் கேட்டது இதுதான்: "அண்ணே, காவலுக்கென்றுதான் வைத்தேன். இன்று அது எனக்குக் காவல் இல்லை. நான்தான் அதற்குக் காவல் இருக்கிறேன். இது கூடுமா?"

ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. அதற்குரிய ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆயினும் இக்கேள்வி நம் அனைவரின் உள்ளத்தையும் தொடுகிறது. சிந்திக்க வேண்டியது நம் கடமை.

முதலில், "வெறி" என்ற சொல்லைப் பார்ப்போம். வெறிநோய் மெய்யாகவே கொடியது. அதன் அறிகுறிகள் தோன்றிவிட்ட நாய் பெரும்பாலும் பத்து நாட்களுக்குள் இறந்துபோகும்; நாளுக்கு நாள் நிலை மோசமாகுமேயன்றித் தெளியாது. வலிப்பு நோய் அப்படியன்று. மூளையில் எழும் ஒழுங்கற்ற மின்துடிப்பினால் வருவது அது. சற்றுப் பொறுத்துத் தணிந்துவிடும். நாயும் தன்னிலைக்குத் திரும்பும். முதுமையில் முதன்முறையாக வலிப்பு வந்தால் ஈரல், சிறுநீரகக் கோளாறோ மூளையில் கட்டியோ காரணமாக இருக்கலாம் என்று கால்நடை மருத்துவர்கள் ஆராய்ந்து பார்ப்பர். நுரையைக் கண்டதும் கல்லெடுப்பவர் இவ்வேறுபாட்டை அறியமாட்டார். தெரியாமையால் ஒரு நோயாளியை அடித்துக் கொல்வது, தற்காப்பு என்ற பெயரில் செய்யப்படும் அநீதியாகும். ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவித் தாமதமின்றி மருத்துவரிடம் செல்வதுமே அச்சத்திற்குரிய முறையான விடை.

இனி, பெரியவரின் கூற்றுக்கு வருவோம். அவர் ஆதாரமில்லாமல் பேசவில்லை. வேட்டை, கால்நடைக் காவல், வேளாண்மை ஆகிய தேவைகளுக்கன்றி நாய் வைத்திருப்பவரின் நன்மையில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இரண்டு கீராத் என்றும் அறிவிப்பு உண்டு. புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற செய்தி இது. இதை எளிதாகத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தேவையின்றி நாயை வைத்துக்கொள்வதைப் பற்றியது இவ்வெச்சரிக்கை. தேவைக்காக முறையோடு வைத்து, அதன் உழைப்பை வாங்கிக்கொண்ட பின், அது ஓய்ந்துபோனால் தெருவில் தள்ளிவிடு என்று இதில் எங்கும் சொல்லப்படவில்லை. வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது தேவையினால். பொறுப்பும் அந்தத் தேவையோடு முடிந்துவிடுமா? கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இம்முடிச்சை ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரறிஞர் அவிழ்த்து வைத்திருக்கிறார். டமாஸ்கஸில் தோன்றிக் கெய்ரோவில் 1262 ஆம் ஆண்டில் மறைந்த ஷாஃபிஈ மத்ஹபின் மாமேதை இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள்தாம் அவர். அநீதி கண்டால் அரசரையும் அஞ்சாது கண்டித்தவர். அவர் தமது சட்டநெறி நூலில் மனிதர்மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளைத் தனியே எடுத்துரைக்கிறார். அவற்றுக்குரிய செலவை உடையவர் ஏற்க வேண்டும் என்பதை முதலில் வைக்கிறார். முதுமையினாலோ நோயினாலோ அவற்றிடமிருந்து இனி எவ்விதப் பயனும் கிட்டாது என்ற நிலையிலும் அக்கடமை நீங்காது என்பதை அங்கேயே சேர்த்துச் சொல்கிறார். அவர் விலங்குகளைப் பற்றிப் பொதுவாகவே பேசுகிறார். இதைக் கருணையாளரின் விருப்பச் செயல் என்று அவர் சொல்லவில்லை. விலங்கின் உரிமை என்கிறார். பயன் நின்றபோது உரிமை நிற்பதில்லை என்பதே அதன் கருத்து.

ஷாஃபிஈ சட்டநூல்களில் மற்றொரு விதியும் உண்டு. ஒருவரிடமுள்ள நீர், கொல்லத்தகாத ஓர் உயிரின் தாகத்திற்குத் தேவைப்பட்டால், அதை அவ்வுயிருக்கு விட்டுவிட்டு அவர் தயம்மும் செய்து தொழலாம். ஒளுவுக்குரிய நீரே தாகித்த உயிருக்கு வழிவிடுகிறது! மக்காவை நோக்கிப் பத்தாயிரம் பேர் கொண்ட படை சென்றபோது, வழியில் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்த நாய்க்கு இடையூறு நேராதிருக்க அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒரு தோழரைக் காவல் நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் வாக்கிதி எழுதுகிறார். அந்த நாயால் படைக்கு என்ன பயன்? ஒன்றுமில்லை.

"நாயின் எச்சில் நஜீஸ் அல்லவா?" என்று கேட்கலாம். ஆம், எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, ஒருமுறை மண்ணிட்டுக் கழுவுவது நம்மவர் அறிந்த சட்டம். கழுவும் முறை கற்பிக்கப்பட்டிருப்பதே, அத்தகைய நிலை வாழ்வில் நேரும் என்பதால்தான். சட்டம் தூய்மையைக் கேட்கிறது, வெறுப்பைக் கேட்கவில்லை. தொழும் இடத்திற்கு அப்பால், வயலோரக் குடிலில் தனிச் சாக்கும் தனித்தட்டும் வைத்துப் பராமரிப்பதில் எச்சட்டமும் மீறப்படுவதில்லை.

"மனிதர் பசித்திருக்க நாய்க்கு மருந்தா?" என்பாரும் உளர். அக்கேள்வியிலும் நியாயம் உண்டு. ஏழை எளியவர்க்குரிய உரிமையைப் பறித்து நாய்க்குக் கொடுக்கச் சொல்பவர் யாருமில்லை. ஆனால் இங்கே பேசப்படுவது தர்மமன்று, கடன். உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பதின்மூன்று ஆண்டுக் காவலுக்கு மணி பெற்ற கூலி பழஞ்சோறு மட்டுமே. மிச்சக் கூலி அதன் முதுமையில்தான் தீர்க்கப்பட வேண்டும். வளர்த்த விலங்கைப் பசியாலும் தாகத்தாலும் வாடும்படி கைவிடுவதை நம் நாட்டின் 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டமும் குற்றம் என்கிறது.

பராமரிப்பு பெரிய வித்தையன்று. வலிப்பு வரும்போது வாய்க்குள் கை விடலாகாது, தண்ணீர் ஊற்றலாகாது, இரும்புச் சாவி கொடுப்பதும் வீண். தலை மோதாதபடி சுற்றியுள்ள பொருள்களை விலக்கிவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு அமைதியாக அருகிருந்தால் போதும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ ஒரே நாளில் மீண்டும் மீண்டும் வந்தாலோ உடனே மருத்துவரை நாட வேண்டும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் 2012 இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இவ்வட்டாரத்தாருக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது.

மணிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தது பினோபார்பிட்டால் என்னும் மாத்திரை. மனிதரின் வலிப்பு நோய்க்கு 1912 முதல் வழங்கப்பட்டுவரும் பழைய மருந்துதான் அது. பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை தவறாது கொடுக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரக்கூடும். ஆகவே நண்பர் சுபுஹு தொழுதுவிட்டு ஆறு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணிக்கு ஒன்று எனக் கொடுத்து வருகிறார். தீராத வேதனை வந்து மருந்தும் கைவிடும் நாள் வந்தால், மருத்துவரையும் ஆலிமையும் கலந்து முடிவு செய்யலாம். அன்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: முடிக்க விரும்புவது அதன் துன்பத்தையா, நம் தொல்லையையா?

பயனைக் கொண்டு மட்டும் உயிரை எடைபோடும் கண், நாயோடு நின்றுவிடுவதில்லை. வயல் மூலையில் கிடக்கும் நாயைக் கடந்து, ஆலையில் கை இழந்த தொழிலாளியிடம் போகும். திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் வாப்பாவிடமும் உம்மாவிடமும் வந்து நிற்கும். அதனால்தான் இதைச் சிறிய கேள்வி என்று நாம் ஒதுக்கவில்லை.

அம்மருந்துக்கு ஒரு பக்கவிளைவு உண்டு: கடுந்தாகம். மணி ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது. நண்பரின் பேரப்பிள்ளைகள் மண்சட்டியை முறைவைத்து நிரப்புகிறார்கள். தாகித்த நாய்க்குக் கிணற்றிலிருந்து காலணியில் நீர் மொண்டு கொடுத்தவரை இறைவன் மன்னித்தான் என்ற செய்தியை நாம் மதரஸாவில் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். அந்த நாய் இளையதா, முதியதா, காவலுக்கு உதவுமா என்று அம்மனிதர் விசாரித்ததாகச் செய்தியில் இல்லை.

உழைப்பை வாங்கியவர் ஓய்வையும் தாங்கும் உள்ளத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.