முறை யாருடையது?

மார்ச் 31ஆம் நாளோடு நிதியாண்டு முடிகிறது. ஏட்டில் முடிந்த ஆண்டு, கணக்குகளை ஆடிட்டரிடம் ஒப்படைக்கும்வரை மனத்தில் முடிவதில்லை. ‘இன்னும் நாள் இருக்கிறது’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்த நாள் உண்மையில் யாருடையது என்பதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போமாக.

முன்னாளில் வணிகர்கள் தீபாவளியன்று எழுதும் புதுக்கணக்கையே வரிக்குரிய ஆண்டாகவும் கொள்ள இயன்றது. 1989-90 மதிப்பீட்டாண்டு முதல் அனைவர்க்கும் ஏப்ரல் முதல் மார்ச் வரை என்பதே ஆண்டாயிற்று. ஆகவே எல்லோருடைய வேலையும் ஒரே பருவத்தில் வந்து குவிகிறது. சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்று ஜூன் 15ஐ ஒட்டியே கைக்கு வருகிறது. சம்பளமும் ஓய்வூதியமும் பெறுவோர்க்கு உரிய கெடு ஜூலை 31. இடைப்பட்டவை ஆறரை வாரங்களே.

செங்கல்பட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் ஜூலைக் கடைசியை மனத்தில் கொள்வோம். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தம் தாள்கள் அனைத்தையும் ஜூனிலேயே கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார். பிடித்த வரியில் திரும்ப வரவேண்டிய தொகை அவருக்கு மருந்துச் செலவு. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைக்காரர் ஒருவரும் பில்களைத் தேதிவாரியாக அடுக்கித் தந்திருக்கிறார். அவ்வேளையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் மனை விற்ற ஒருவர் பையோடு வந்து, ‘ஐந்து நிமிட வேலைதான், ஐயா’ என்கிறார். அவர் தரும் கட்டணம் பெரிது. அவருடைய கட்டு மேலே ஏறுகிறது. ஆசிரியையின் கட்டு அடியில் இறங்குகிறது.

இங்கே பணம் ஏதும் களவு போகவில்லை. ஆயினும் ஒருவருடைய முறை இன்னொருவர் கைக்குப் போயிற்று. மிகுதியான கட்டணம் மிகுதியான வேலைக்கு உரியது. பிறர் முறைக்கு அது விலையாகாது. கேளாமல் கொண்டது பொருளாயின் களவு என்கிறோம். காலமாயின் அவசரம் என்கிறோம். கள்ளாமையை நோன்பாகக் கொண்ட இல்லறத்தார் இவ்வேறுபாட்டில் அமைதி கொள்ளலாகுமோ? மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில் பூனையொன்று தவக்கோலத்தில் நிற்க, அதனருகே எலிகள் இருக்கக் காண்கிறோம். பணிவாகக் கூப்பிய கையும் சில வேளைகளில் பிறர் பங்கைப் பற்றுவதுண்டு.

தாமதிப்போர் அனைவரும் குற்றமுடையார் அல்லர். நோயும் இழவும் நாள் பார்த்து வருவதில்லை. கெடுவை நீட்டினால் நெருக்கடி தீரும் என்பாரும் உளர். 2025இல் படிவ மாற்றங்களின் பொருட்டு ஜூலை 31 என்பது செப்டம்பர் 15 ஆக நீட்டப்பட்டது. அந்நாளிலும் நெருக்கடி தீராமல் மேலும் ஒரு நாள் தரப்பட்டது. காலம் வளர்ந்தது, பழக்கம் மாறவில்லை. கெடு கடந்தால் 5,000 ரூபாய், மொத்த வருமானம் ஐந்து இலட்சத்துக்கு மேற்படாதவர்க்கு 1,000 ரூபாய், தாமதக் கட்டணம் உண்டு. அஃது அரசுக்குச் செலுத்துவது. முறை இழந்தவர்க்கு நாம் எதனைச் செலுத்துவோம்?

அவசரம் வாய்மையையும் தொடுகிறது. படிவத்தின் முடிவில், கூறியவை உண்மை, முழுமை என உறுதியளிப்பவர் ஆடிட்டர் அல்லர், நாமே. படித்துப் பார்க்கவும் நேரமின்றி அளிக்கும் உறுதி எத்தகையது?

ஆகவே, ஏப்ரலிலேயே கையில் உள்ளவற்றைக் கொடுத்து, வராதவை இன்னவை என எழுதி வைத்து, ஒரு நாளைக் கேட்டுப் பெறுவோம். நம்மால் அந்நாள் தவறினால் வரிசையின் கடைசிக்குச் செல்வோம். ஆடிட்டரும் வந்த வரிசையை ஏட்டில் எழுதிவைத்து, நோயுற்றோர்க்கும் இழவு வீட்டார்க்கும் மட்டும் சில நாள்களை ஒதுக்கி வைப்பது நன்று. அடுத்த முறை கட்டை எடுத்துக்கொண்டு செல்லும்போது, நமக்கு முன் கொடுத்தவர் யாவர் என ஒருமுறை கேட்டறிவோமாக.