முயலுக்குக் கொடுத்த அபயம்

செங்கற்பட்டில் அன்பர் ஒருவர் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். அவர் மகள் வளர்க்கும் வெள்ளை முயல் கூடத்தில் தத்திக்கொண்டிருந்தது. திடீரென ஒருக்களித்து விழுந்து, பின்னங்கால்களை நீட்டிக் கிடந்தது. மௌத்தாகிவிட்டதோ என்று பதறிவிட்டோம்! சிறுமி சிரித்தாள். "தூங்குது மாமா. பயமில்லேன்னா இப்படித்தான் விழும்."

அவள் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் அன்பர் மெல்லக் கேட்டார்: "நாளை விருந்தாளிகள் வருகிறார்கள். இதை அறுக்கலாமா?"

முயல் ஹலால்தான். மர்ருழ் ழஹ்ரானில் அனஸ் (ரலி) அவர்கள் துரத்திப் பிடித்த முயலை அபூதல்ஹா (ரலி) அவர்கள் அறுத்து, தொடைகளை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்ப, அவர்கள் ஏற்றுக்கொண்டதைப் புகாரியில் காண்கிறோம். அல்லாஹ் ஆகுமாக்கியதை விலக்க நாம் யார்? ஆயினும் "அறுங்கள்" என்று சொல்ல நா எழவில்லை.

முயல் நரிக்கும் பருந்துக்கும் இரையாகும் பிராணி. ஆகவே கால்களை அடக்கிக் குந்தியபடி, பல வேளைகளில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். ஆபத்தென்றால் பாய்ந்தோடத் தோதாக. அது விலாவைக் காட்டிக் கண்மூடிக் கிடக்கிறதென்றால், மூக்கின் ஓயாத துடிப்பும் தணிந்திருக்கிறதென்றால், அவ்வீட்டாரை நம்பிவிட்டது என்று பொருள். சிலர் அதைப் பிடித்து மல்லாத்துவார்கள், அசையாமல் கிடக்கும். சுகமாகத் தூங்குவதாக எண்ணுவார்கள். அது தூக்கமன்று, பிடிபட்ட பிராணி அச்சத்தால் உறைந்த நிலை. அடக்கி வைத்த அமைதி வேறு, அபயம் பெற்ற அமைதி வேறு. (குடும்பத் தலைவர்கள் சிலர் தம் வீட்டு அமைதி எவ்வகை என்றும் பார்த்துக்கொள்ளலாம்.)

அருகே மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பல்லவர் காலச் சிற்பிகள் ஒரு பூனையைச் செதுக்கியிருக்கிறார்கள். முன்கால்களை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள். போலித் தவசியை நம்பி வந்தவை என்பார்கள். சிற்பத்தில் உமக்கென்ன வேலை என்று கேட்பீர்கள். நம்பி வந்ததிடம் மனிதன் அந்தப் பூனையாக நடக்கலாமா என்பதே நம் கவலை.

அறுக்கவிருந்த பிராணியின் கண்ணெதிரே கத்தி தீட்டியவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். இறைச்சி ஹலாலாயிருந்தும் அந்தச் சிறுபொழுது அச்சம் கணக்கில் வந்துவிட்டது. அச்சம் கணக்கில் வருமானால், கொடுத்த அபயம் வராதா? உணவுக்கென்றே பண்ணையில் வளர்ப்பது வேறு. இதுவோ, "உனக்குத்தான்" என்று பிள்ளையின் கையில் கொடுத்தது. "வா, தருகிறேன்" என்று மகனை அழைத்த தாயிடம், ஒன்றும் கொடுக்காதிருந்தால் அது பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி அபூதாவூதில் உண்டு.

"கடையில் கோழி வாங்கிக்கொள்ளுங்கள்" என்றோம். ஹராம் என்பதற்காக அல்ல, சொன்ன சொல்லுக்காக.

அன்பர் யோசனையில் ஆழ்ந்தார். அதற்குள் தண்ணீரோடு வந்த சிறுமி, முயல் விழித்துவிடும், மெதுவாகப் பேசுங்கள் என்று நம் இருவரையும் அதட்டினாள்.